வழிப்போக்கரும் வாடகை அறையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் சொற்பொழிவுக்கென்று ஒதுக்கும் அரைமணி நேரத்தில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை அழைத்துப் பேசச் செய்வதே நம் சங்கத்தின் வழக்கம். இம்முறை வருவதாக இருந்த அறிஞர் உடல்நலக் குறைவால் வர இயலாமற் போயிற்று. அவருடைய இடத்தில் ரயில்வே அலுவலகத்துக் குமாஸ்தாவைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்தவர்கள் நாங்கள். இலக்கியம் பேசப் புகுந்தால் பிழைதான் மிஞ்சும். ஆகையால் எங்களுக்குத் தெரிந்த ஒரு பொருளைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். ஊர் ஊராகப் போய்ப் பிறர் கட்டிய அறைகளில் தங்கி வந்த அனுபவமே அப்பொருள். எங்கள் குடும்பமும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே பிரயாணம் செய்கிறவர்கள். எனவே 'நாங்கள்' என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

ரயில்வேக்காரருக்கு என்ன குறை, பாஸ் இருக்கிறதே என்று உறவினர்கள் சொல்வதுண்டு. பாஸ் நம்மைக் கரக்பூரிலிருந்து கன்னியாகுமரி வரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது மெய்தான். ஆனால் வண்டியை விட்டு இறங்கியபின் மூட்டை முடிச்சுகளை இறக்கி வைத்து, குழந்தைகளைக் கிடத்தி, ஓர் இரவைக் கழிக்க இடம் வேண்டுமல்லவா? அதைப் பாஸ் தருவதில்லை. நம் தாத்தா காலத்தில் ஊருக்குப் போனால் ஊரில் வீடு இருந்தது. இன்று நம்மில் பலருக்கு அந்த வீடு இல்லை. பாகம் பிரிந்தது, விற்றாயிற்று. சொந்த ஊருக்குப் போனாலும் வாடகை அறை தேடுகிறவர்களாக ஆகிவிட்டோம். ஆகவே இது ஏதோ உல்லாசப் பிரயாணம் பற்றிய பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள்.

முதலில் ஒரு சிறு சொல்லாராய்ச்சி. தமிழ்நாட்டில் 'ஓட்டல்' என்றால் பெரும்பாலும் உண்ணுமிடம். தங்குமிடம் 'லாட்ஜ்'. இங்கே வங்காளத்திலும் 'பாத்தேர் ஹோட்டேல்' என்று பலகை மாட்டியிருப்பதை நாம் தினந்தோறும் பார்க்கிறோம். சோற்றுக்கடை என்பது அதன் பொருள். படுக்கையைவிடச் சோறு முந்தியது என்பதில் தமிழரும் வங்காளியரும் ஒரே கட்சியினர்!

சோறும் இடமும் இரண்டும் சேர்ந்திருந்தது சத்திரம். மதுரையில் ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரால் வழங்கும் சத்திரத்தை நம்மில் பலர் அறிவோம். சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் வழிப்போக்கருக்காகச் சத்திரம் கட்டினார். காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863ஆம் ஆண்டிலேயே சத்திரம் நிறுவினார்கள். பாஷை தெரியாத ஊரில் வந்து இறங்கும் தமிழ் யாத்திரிகர் ஒருவர், தமிழ் கேட்கும் ஒரு வாசற்படியை மிதிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அப்படித் தோன்றியதல்லவா பெரிய காரியம்!

தங்குமிடம் நடத்துவோருக்கு அரசாங்கம் கடமைகளை விதித்ததும் புதிதன்று. 1867இல் 'சராய்ச் சட்டம்' என்று ஒன்று வந்தது. சராய் என்பது வடநாட்டில் வழிப்போக்கர் தங்குமிடத்துக்குப் பெயர். சராய்களைப் பதிவு செய்ய வேண்டும். அறைகளையும் தாழ்வாரத்தையும் கிணற்றையும் சாக்கடையையும் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். திருடர் ஏறி இறங்க வசதியாக இருக்கும் மரக்கிளைகளை வெட்டிவிட வேண்டும். காவலாட்களை வைக்க வேண்டும். கட்டண விவரத்தை மாஜிஸ்திரேட் குறிப்பிடும் மொழிகளில் எழுதி மாட்ட வேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் கூறிற்று. வழிப்போக்கருக்கு எது எது தொல்லை தரும் என்று நன்றாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒன்றை மட்டும் எந்தச் சட்டத்திலும் எழுத முடியாது. வந்தவரை முகம் கொடுத்து 'வாருங்கள்' என்று சொல்ல வேண்டும் என்பதே அது. வள்ளுவர் ஒன்பதாம் அதிகாரமாக வைத்த விருந்தோம்பல் முழுவதும் ஏறக்குறைய அந்த முகத்தைப் பற்றியதுதான். நாங்கள் தங்கிய இடங்களில் எங்களுக்கு நிலைத்து நின்ற நினைவும் அதுவேதான்.

இனி அனுபவங்களுக்கு வருவோம்.

புரிக்குப் போகாத கரக்பூர்க் குடும்பம் இராது. இரவு வண்டி ஏறினால் விடியற்காலை ஜகந்நாதர் ஊரில் இறங்கலாம். அங்கே 'ஹாலிடே ஹோம்' என்ற ஏற்பாடு வங்காளத்தார் நமக்குக் காட்டிக்கொடுத்த நல்ல வழி. வங்கி, அலுவலகம், தொழிற்சங்கம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவை தங்கள் ஊழியர்களுக்காக இரண்டு மூன்று அறைகளை எடுத்து வைத்திருப்பார்கள். அறையோடு சமையலிடமும் உண்டு. அடுப்பு, பாத்திரங்கள், கரண்டி, தட்டு எல்லாம் கணக்குப் பார்த்துக் கையில் கொடுப்பார்கள். சந்தையில் காய்கறி வாங்கி வந்து நாமே சமைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தையும் பத்தியச் சாப்பாட்டுக்காரரும் உள்ள குடும்பத்துக்கு இதைவிடச் சௌகரியம் வேறில்லை.

முதன்முறை நாங்கள் போனபோது பொறுப்பாளர் ஒரு வயதான ஒடியாக்காரர். பட்டியலைப் படித்து ஒவ்வொரு பாத்திரமாக எண்ணிக் கொடுத்தார். எங்களுக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. நம்மைத் திருடர் என்று நினைக்கிறாரோ என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாள் பேச்சு சுவாரசியத்தில் சாம்பார் அடிப்பிடித்துப் பாத்திரம் கரியாகிவிட்டது. 'வாடகைப் பாத்திரந்தானே, அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டுப் போகலாம்' என்று எங்களில் ஒருவர் சொன்னார். எங்களோடு வந்திருந்த மாமி ஒருவர் எழுபது வயதானவர். அவர் ஒன்றும் பேசவில்லை. கடற்கரைக்குப் போய் ஒரு பிடி மணல் கொண்டுவந்தார்; மீந்திருந்த புளியைச் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து அரைமணி நேரத்தில் பாத்திரத்தின் உண்மையான நிறத்தை வெளியே கொண்டுவந்துவிட்டார். புறப்படும்போது அந்தப் பொறுப்பாளர் எண்ணாமலே பட்டியலில் கையெழுத்திட்டார். வீடு வந்து மூட்டையைப் பிரித்தால் அவர்களுடைய டம்ளர் ஒன்று எங்கள் சாமான்களோடு கலந்து வந்திருந்தது! அடுத்த ஆண்டு அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தோம். அவர் சிரித்த சிரிப்பை இன்றும் மறக்கவில்லை. அதன் பிறகு எத்தனை கூட்டத்திலும் எங்களுக்கு அங்கே தேநீர் காத்திருந்தது.

விடுதிக்காரர் மேல் குறை சொல்லுமுன் விருந்தினராகிய நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று பார்க்கவேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னோம். சுவரில் எண்ணெய்த் தலையைச் சாய்ப்பது, விளக்கும் விசிறியும் ஓட விட்டு வெளியே போவது, இரவு பதினோரு மணிக்குத் தாழ்வாரத்தில் குழந்தைகளை ஓடவிடுவது ஆகியவற்றில் நமக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம்.

அடுத்தது வேலூர். இங்கிருந்து காட்பாடி செல்லும் எந்த வண்டியிலும் ஏறிப் பாருங்கள். பெட்டியில் பாதிப் பேர் மருத்துவத்துக்குச் செல்லும் வங்காளக் குடும்பங்களாக இருப்பர். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சிகிச்சை நிலையம் இன்று வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக விளங்குகிறது. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பலகைகள். வங்காளச் சமையல் கிடைக்கும் கடைகள். அறையோடு அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தரும் லாட்ஜுகள். தமிழ்நாட்டின் நடுவில் ஒரு சின்ன மேதினிப்பூரைக் கண்டது போலிருக்கும்.

நம் அடுத்த வீட்டு வங்காளப் பெரியவருக்கு அறுவைச் சிகிச்சை என்று சென்றபோது, துபாஷியாக நாங்களும் துணைக்குச் சென்றோம். நோயாளியோடு தங்கப் போகிறவரின் கணக்கே வேறு. சுற்றுலாக்காரர் மூன்று நாள் என்று சொல்லி வருவார். மூன்றாம் நாள் போய்விடுவார். நோயாளியின் வீட்டார் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. பரிசோதனை முடிவு நாளை என்பார்கள். நாளை என்பது வியாழன் என்பார்கள். ஒவ்வொரு நாளும் வாடகை ஓடும். முதலில் சென்ற லாட்ஜில் ஏழு நாள் வாடகையை முன்னதாகவே கட்டச் சொன்னார்கள், கிடைத்ததோ மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. பெரியவர் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார்.

இரண்டாம் நாள் வேறு லாட்ஜுக்கு மாறினோம். அங்கே கல்லாவில் இருந்த அம்மாள் முதலில் கேட்டது அடையாள அட்டையை அன்று. 'நோயாளி யாரு? படி ஏறுவாரா?' என்று கேட்டார். தரைத்தளத்தில் தம் சாமான்கள் போட்டிருந்த சிறு அறையை ஒழித்துக் கொடுத்தார். அட்டையும் கையெழுத்தும் அதன் பிறகுதான். அறை முந்தியதைவிடச் சிறியது. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். ஆயினும் பதினெட்டு நாள் அங்கே தங்கினோம். ஊர் திரும்பிய பெரியவர் இன்றும் வேலூர் என்றதும் மருத்துவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் அந்த அம்மாளைப் பற்றித்தான் சொல்கிறார்.

இப்போது நகரத்துப் பெரிய விடுதிகளைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். இன்று அறை பிடிப்பது கைப்பேசியில் நடக்கிறது. படத்தில் அறை விசாலமாகத் தெரியும். போய்ப் பார்த்தால் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு பெட்டி வைக்க இடமிராது. அகலக் கண்ணாடி வைத்துப் பிடித்த படம் அது. ஆகவே படத்தைப் பார்ப்பதோடு, தங்கியவர்கள் எழுதிய குறைகளையும் படிக்க வேண்டும். கணக்கிலும் கவனம் வேண்டும். 2017 ஜூலை 1 முதல் சரக்கு சேவை வரி வந்தது. நாள் வாடகை 1,000 ரூபாய்க்கு மேற்படாத அறைகளுக்கு முதலில் வரி இல்லை. 2022 ஜூலை 18 முதல் அவற்றுக்கும் 12 விழுக்காடு விதித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையில் உள்ள அறைகளுக்கு வரி 5 விழுக்காடாகக் குறைந்தது. பழைய கணக்கிலேயே பில் வந்தால் மரியாதையாகக் கேட்கலாம். சாப்பாட்டுப் பில்லில் 'சேவைக் கட்டணம்' என்று தாமாகவே சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. தகராறு தீராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆதார் நகல் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும்படி மறைத்த நகலை ஆதார் நிறுவனமே தருகிறது. அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: '24 மணி நேரம்' என்பது ஒரு முறை, 'பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும்' என்பது மற்றொரு முறை. விடியற்காலை வண்டியில் போய் இறங்கும் நம்மைப் போன்றவர்கள் எது என்று முன்னரே கேட்டுக்கொள்ளாவிட்டால் ஒரே இரவுக்கு இரண்டு நாள் வாடகை கட்ட நேரும்.

இதைவிடப் புதிய முறையும் வந்திருக்கிறது. அடுக்குமாடிக் கட்டடத்தில் முழு வீட்டையே நாள் வாடகைக்கு விடுகிறார்கள். சென்னையில் ஒரு திருமணத்துக்குச் சென்றபோது அப்படி ஒன்றைப் பிடித்தோம். வீட்டில் குறையே இல்லை. குளிர்சாதனம், துணி துவைக்கும் இயந்திரம், வெள்ளை வெளேரென்ற விரிப்பு, எல்லாம் இருந்தன. இல்லாதவர் ஒருவர்தான், வீட்டுக்காரர். கதவுக்குச் சாவியும் கிடையாது, எண் பூட்டு. அந்த எண் கைப்பேசிக்கு வரும். வண்டி நாலு மணி நேரம் தாமதம். இறங்கும்போது கைப்பேசி உயிரை விட்டிருந்தது. எண்பது வயதுத் தகப்பனாரை மாடிப்படியில் உட்கார வைத்துவிட்டு மின்சாரம் தேடி அலைந்தோம். எதிர் வீட்டு அம்மாள் கதவைத் திறந்து பார்த்து, ஒரு நாற்காலியும் சொம்பில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். பூட்டு பின்னர்த் திறந்தது. ஆனால் அன்று எங்களை உள்ளே அழைத்தது அந்தப் பூட்டு அன்று, அந்த நாற்காலிதான்.

இனிச் சொல்லப் போவது எங்கள் சொந்த ஊர் பற்றியது. சொல்லலாமா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தோம். உங்களில் பலருக்கும் இது நேர்ந்திருக்கும் என்ற துணிவில் சொல்கிறோம்.

2016 பிப்ரவரி 22ஆம் நாள் கும்பகோணத்தில் மகாமகம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது; அடுத்தது 2028இல். கும்பகோணம் எங்கள் தகப்பனாரின் ஊர். அவர் வளர்ந்த வீடு கைமாறிப் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே இரண்டு மாதத்துக்கு முன்பே தொலைபேசியில் பேசி, முன்பணம் அனுப்பி, ஒரு லாட்ஜில் அறை சொல்லி வைத்திருந்தோம். விடியற்காலையில் போய் நின்றோம். கூட்டமான நாள், கல்லாவில் இருந்தவர் மிகவும் களைத்திருந்தார். அறை காலியாகவில்லை, பகல் வரை காத்திருங்கள் என்றார். அது அவர் குற்றமும் அன்று. பிறகு அட்டையைக் கேட்டார். விலாசத்தைப் பார்த்தார். மேற்கு வங்காளம், மேற்கு மேதினிப்பூர் மாவட்டம் என்று இருந்தது. நிமிர்ந்து எங்களை ஒருமுறை பார்த்து, 'நீங்க பெங்காலியா? தமிழ் நல்லாப் பேசுறீங்களே!' என்றார்.

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எங்கள் தகப்பனார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போன தெரு அது.

பதிவேட்டில் 'வந்த காரியம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'சொந்த ஊர்' என்று எழுதினோம். கல்லாக்காரர் அதற்குப் பக்கத்தில் 'சுற்றுலா' என்று திருத்திக்கொண்டார்.

பெஞ்சில் மூட்டைகளோடு உட்கார்ந்து குழந்தைகளுக்கு ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர்கள் இங்கே வளர்ந்த குழந்தைகள் ஆகையால் தமக்குள் வங்காளத்தில் பேசிக்கொண்டார்கள். தரை துடைத்துக்கொண்டிருந்த அறைப்பையன் கையை நிறுத்தினான். இருபது வயதிருக்கும். அருகே வந்து, எந்த ஊர் என்று வங்காளத்தில் கேட்டான். கரக்பூர் என்றோம். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நம் ஊரிலிருந்து தெற்கே போகும் பாதையில் பேல்தா என்ற நிலையம் இருக்கிறதல்லவா? அதன் பக்கத்துக் கிராமத்தான் அவன். ஊரை விட்டு வந்து எட்டு மாதமாகிறதாம். எங்கள் வீட்டாரைக் 'காகிமா' என்று, நம் காலனிப் பையன்கள் கூப்பிடுவது போலவே கூப்பிட்டான். யாரும் சொல்லாமல் மாடிக் குளியலறையில் இரண்டு வாளி வெந்நீர் கொண்டுபோய் வைத்தான். தான் படுக்கும் அறையைத் திறந்துவிட்டுத் தகப்பனாரைச் சற்றுச் சாயச் சொன்னான். அவனுடைய பாயில் அவர் இரண்டு மணி நேரம் உறங்கினார்.

அன்பர்களே! எங்கள் ஊரில் எங்களை உள்ளே வாருங்கள் என்று அழைத்தவன் வங்காளத்துப் பையன். அவனுடைய ஊரிலோ நாம் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறோம். அவன் நம் மாவட்டத்துக்காரன்; நாங்கள் அவன் வேலை செய்யும் ஊர்க்காரர்கள். யார் விருந்தினர், யார் வீட்டுக்காரர் என்று அன்று எங்களால் சொல்ல முடியவில்லை. புறப்படும்போது அவன் கையில் பணம் வைத்தோம், வாங்க மறுத்தான். பேல்தாவில் இருக்கும் தன் தாயாரிடம் நலமாக இருப்பதாகச் சொல்லச் சொன்னான். ஊர் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். அந்தத் தாயார் எங்களுக்குப் பொரியும் வெல்லமும் கொடுத்து அனுப்பினார்.

இவ்வளவு கதையையும் இந்த மேடையில் சொன்னதற்குக் காரணம் ஒன்று உண்டு. சங்க உறுப்பினர் பொதுக்குழு வரும் ஞாயிறன்று கூடப் போகிறது. நம் கட்டடத்தின் மாடியில் இரண்டு அறைகள் இருப்பதை எல்லோரும் அறிவீர்கள். உடைந்த நாற்காலிகளும் பழைய மேடைத் திரைகளும் அங்கே குடியிருக்கின்றன. சரக்கு அடுக்கி வைக்க ஒரு வியாபாரி அவற்றை மாத வாடகைக்குக் கேட்கிறார். வருமானம் வேண்டியதுதான், நம் பொருளாளர் கூறுவதில் நியாயம் இல்லாமலில்லை. கூரை ஒழுகுகிறது, மின்சாரக் கட்டணம் ஏறுகிறது. ஆயினும் அந்த இரண்டு அறைகளையும் வழிப்போக்கருக்கென்று ஒதுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

சென்ற ஆண்டு கல்லூரி சேர்க்கை நாட்களில் நடந்ததை நினைவுபடுத்துகிறோம். 1951இல் தொடங்கிய ஐ.ஐ.டி. நம் ஊரில் இருப்பதால் ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து சேருகிறார்கள். ஒரு விவசாயி தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். அந்தக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பெண். வண்டி தாமதமாகி நள்ளிரவு கழிந்து இறங்கினார்கள். நிலையத்துத் தங்கும் அறைகள் நிரம்பிவிட்டன. வெளியே ஒரு லாட்ஜில் கேட்டார். அறை இல்லை என்றார்களா, இருக்கிறது, வாடகை இவ்வளவு என்றார்களா என்பதே அவருக்குப் புரியவில்லை. இந்தியும் தெரியாது, வங்காளமும் தெரியாது. திரும்பி நிலையத்துக்கே வந்து பிளாட்பாரத்தில் துண்டை விரித்தார். அந்தப் பெண் டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்து விடிய விடிய விழித்திருந்தாள். காலை ஷிப்டுக்குச் சென்ற நம் தோழர் ஒருவர் தமிழ்க் குரல் கேட்டு நின்றதால் விஷயம் நமக்குத் தெரிந்தது. வீட்டுக்கு அழைத்து வந்தோம், குளித்தார்கள், இட்லி சாப்பிட்டார்கள், கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டோம். எல்லாம் சரிதான்.

ஆனால் அந்த இரவு நம் சங்கத்தின் மாடி பூட்டிக் கிடந்தது. சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரந்தான். காசியிலே 1863இல் ஒரு கூட்டத்தாருக்குத் தோன்றியது நமக்கு இத்தனை ஆண்டுகளாகத் தோன்றவில்லையே என்று அன்று வெட்கப்பட்டோம்.

பெரிய செலவு வேண்டியதில்லை. நான்கு கட்டில்கள், பாய் தலையணைகள், ஒரு தண்ணீர்ப் பானை, வெந்நீருக்கு ஒரு சாதனம், தாழ்ப்பாள் சரியாக உள்ள கதவு, இவை போதும். துணி வெளுக்கவும் விளக்கெரியவும் ஆகும் அளவுக்கு ஒரு சிறு தொகை வாங்கிக்கொள்ளலாம். இல்லாதவரிடம் கேட்க வேண்டாம். மூன்று இரவுக்கு மேல் தங்குவதில்லை என்று விதி வைப்போம். வருகிறவரின் பெயர், ஊர், அடையாள அட்டை விவரம் பதிவேட்டில் ஏற வேண்டும். காவல் நிலையத்துக்கும் முறைப்படி தெரிவித்துவிடுவோம். பெண்கள் தனியே வந்தால் நம் மகளிர் அணியினர் ஒருவர் உடன் இருக்கும்படி ஏற்பாடு செய்யலாம். குடும்பத்துக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துச் சாவியைக் காப்போம். இரவு எந்நேரத்தில் தொலைபேசி ஒலித்தாலும் ஒருவர் எழுந்து போகவேண்டும், அவ்வளவுதான்.

யார் யாரோ வந்து தொல்லை தருவார்களே என்று கேட்கலாம். சிலர் தரக்கூடும். புரியில் பாத்திரம் எண்ணிக் கொடுத்தாரே, அந்தப் பொறுப்பாளரைப் போல நாமும் எண்ணிக் கொடுப்போம். ஆனால் திரும்ப வாங்கும்போது சிரித்து வாங்குவோம். நம் பிள்ளைகள் ஒரு நாள் வேற்றூர் நிலையத்தில் நள்ளிரவில் இறங்க நேருமல்லவா? அந்த இரவை நினைத்துக்கொண்டு முடிவு செய்வோம்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறோம். தமிழருக்கு மட்டும் என்று அந்தக் கதவில் எழுத வேண்டாம். பேல்தாவிலிருந்தும் இன்னும் உள்ளே தள்ளிய கிராமங்களிலிருந்தும் வேலூருக்குப் போகிற நோயாளிகள், காட்பாடி வண்டிக்காக நம் நிலையத்தில் இரவு முழுவதும் காத்துக்கிடப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். அவர்களில் ஒரு கிழவருக்கு நம் மாடியில் முதுகு சாய இடம் கிடைத்தால், எங்கள் தகப்பனார் உறங்கிய அந்தப் பாய்க்கு வாடகை கொடுத்ததாக நாங்கள் எண்ணிக்கொள்வோம். தகப்பனார் இப்போது இல்லை. அந்தப் பையனைப் பற்றி அவர் அடிக்கடி விசாரிப்பார்.

முதற்கட்டிலுக்கான தொகையை எங்கள் மூன்று குடும்பங்களும் சேர்ந்து இன்று பொருளாளர் அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். சாவி இன்னும் எங்கள் வீட்டு ஆணியில்தான் இருக்கிறது. அதை எங்கே மாட்டுவது என்று வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொல்லுங்கள்.